கழற்றிப் பார்த்த மனிதர்

அப்பாவின் காருக்கு ஒரு தயக்கம் வந்திருந்தது. வீட்டு வாசலில் நிற்கும்போது இயந்திரம் சீராக ஓடும். மெதுவாகப் போனால் குறையே தெரியாது. ஆனால், வேகம் எடுக்க ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ஒரு கணம் மூச்சுத் திணறுவதுபோல் தடுமாறி, ஒரு குலுக்கு குலுக்கி, அதன் பிறகே பாயும். ஜார்ஜ்டவுனிலிருந்து பிறையில் உள்ள தொழிற்சாலைக்கு அப்பா தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறார். குளுகோரில் பினாங்குப் பாலத்தில் ஏறும் நேரத்தில், பின்னால் லோரி வந்துகொண்டிருக்கும்போது, அந்த ஒரு கணம் சின்ன விஷயமல்ல.

நான் வாகனத் தொழில்நுட்பம் பயிலும் மாணவன். எஸ்பிஎம் முடித்து இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தபோது அப்பா தடுக்கவில்லை, மகிழவும் இல்லை. இந்தக் காரைச் சரிசெய்து அவர் மனத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு பிளக்குகளையும் மாற்றினேன். தயக்கம் போகவில்லை. இக்னிஷன் காயிலை மாற்றினேன். அப்போதும் போகவில்லை. செலவான பணம் அப்பாவுடையது. அடுத்ததாகப் பெட்ரோல் பம்ப்பை மாற்றப் போகிறேன் என்று என் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் படித்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே படித்தேன். கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூருக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வகுப்பறையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. இளைஞராக இருந்தபோது ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் வண்டி அவரைத் தூங்க விடவில்லை. அதை வாங்கியே தீர்வது என்று கோயம்புத்தூருக்குச் சென்று, உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார். கடைசியில் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வேறொருவராக இருந்தால் ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடு அதைப் பாகம் பாகமாகக் கழற்றினார். எது எதோடு இணைகிறது, எது நின்றால் எது நிற்கும் என்று பார்த்தார். பிறகு மீண்டும் பூட்டினார். அவருக்கு அதுவே பொறியியல் கல்லூரி.

அதன் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சம்பாதித்தார். பம்பாய்க்குச் சென்று பருத்தி வணிகத்தில் அதை இழந்தார். ஊர் திரும்பியவருக்குக் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கை கொடுத்தார். 1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. பேருந்தை அவரே ஓட்டினார்.

அக்காலப் பேருந்தில் கணினி கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டர் என்ற பாகம் கலந்து கொடுக்கும். அதன் நுண்ணிய துளையில் கொஞ்சம் தூசி அடைத்தாலே வண்டி வேகமெடுக்கத் தயங்கும். நடுவழியில் நின்றால் கூப்பிடத் தொலைபேசி இல்லை; மாற்றிப் போட உதிரிபாகக் கடையும் இல்லை. இருக்கும் பாகத்தில் எது பழுது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் அந்த ஒற்றைப் பேருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

பேருந்தோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். மின்கலத்தில் இயங்கும் சிறிய மோட்டார் பொருத்திய ரசந்த் என்ற சவரக் கருவியைப் படைத்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீள்கிறது. 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரை வெறும் 2,000 ரூபாய் விலையில் கொண்டு வந்தார். அரசாங்கம் உரிமம் தரவில்லை, தயாரிப்பு நின்றுபோனது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் வென்றார் என்பதால் படிப்பு வேண்டாம் என்று சிலர் பேசுவதுண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக முன்னின்றவர் அதே நாயுடுதான். அவர் எதிர்த்தது படிப்பை அன்று, கைபடாத படிப்பை. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், செய்முறையோடு கற்றால் இரண்டு ஆண்டுகள் போதும் என்று வாதிட்டார். அரசு ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். கோயம்புத்தூரில் அவினாசி சாலையின் ஒரு பகுதியை மக்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் அழைக்கிறார்கள்.

படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் கருவிகள் இருந்தும் நான் எதையும் பார்க்கவே இல்லை. ஊகித்தேன், வாங்கினேன், மாற்றினேன்.

மறுநாள் தாளும் பேனாவுமாகக் காரின் முன் நின்றேன். பெட்ரோல் இயந்திரத்துக்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் வேண்டும். தீப்பொறியைக் கவனித்தாகிவிட்டது. மீதி இரண்டில், காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியது காற்றின் பாதை. இயந்திரம் ஆறியபின் காற்று வடிகட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் மடிப்புள்ள ரப்பர்க் குழாயைக் கையால் வளைத்தேன். அடிப்பக்கத்து மடிப்பில் விரல் நீள வெடிப்பு ஒன்று வாய் திறந்தது. நேராக இருக்கும்போது அது மூடிக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது.

காரணமும் விளங்கியது. உள்ளே போகும் காற்றைக் குழாயின் தொடக்கத்தில் ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்பக் கணினி பெட்ரோல் விடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இயந்திரம் அசைகிறது, குழாய் வளைகிறது, வெடிப்பு திறக்கிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் கணக்கில் வராத காற்று புகுந்துவிடுகிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைவதால் இயந்திரம் திணறுகிறது. பெட்ரோல் பம்ப் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. பழைய கார்க் கடையிலிருந்து ஒரு குழாய் வாங்கி வந்து பூட்டினேன். பிளக்குக்குச் செலவழித்ததைவிடக் குறைந்த பணம்தான் ஆனது.

அன்று மாலை அப்பாவும் நானும் பாலத்தில் ஏறினோம். அப்பா மிதித்தார், கார் தயங்காமல் எழுந்து போனது. பிறை வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை தம்மோடு வேலை செய்யும் நண்பரையும் அவருடைய காரையும் வீட்டுக்கு அழைத்து வந்து, என் மகன் பார்ப்பான் என்றார்.

நண்பர்களே, கணக்கு வராவிட்டாலும், சோதனையில் புள்ளி குறைந்தாலும் முதலில் புதுப் புத்தகமும் புது டியூஷனும் தேட வேண்டாம். எந்தப் படியில் இடறுகிறது என்று திறந்து பாருங்கள். அந்த மனிதர் தம் முதல் வண்டியிடம் செய்தது அதைத்தான்.