கை நீட்டிக் கார் ஓட்டிய முதல் உலக சாம்பியன்

மோட்டார் பந்தயத்தில் முதன்முதலில் உலக சாம்பியன் பட்டம் வென்றவர் இத்தாலி நாட்டுக்காரர். அவர் பெயர் ஜுசெப்பே பரினா. வேண்டியவர்கள் நினோ என்று அழைத்தார்கள்.

பட்டம் வென்றவர்கள் அவருக்குப் பிறகும் பலர் வந்துவிட்டார்கள். ஆனால் காரில் எப்படி உட்கார வேண்டும், ஸ்டியரிங்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பதை ஓட்டிக் காட்டி, மற்றவர்களையும் மாற்றியவர் அவர். அதனால்தான் அவருடைய பெயர் இன்றும் பேசப்படுகிறது.

கார் செய்யும் குடும்பம்

பரினா 1906-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி துரின் நகரில் பிறந்தார். பியட் கார்கள் தயாராகும் ஊர் அது. தந்தை ஜியோவானி, கார்களுக்கு மேல்கூடு கட்டும் தொழிற்சாலை வைத்திருந்தார். சித்தப்பா பாட்டிஸ்டா, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பினின்பரினா நிறுவனத்தைத் தொடங்கியவர்.

ஆகவே சிறு பிள்ளையிலிருந்தே காரோடு காராக வளர்ந்தார் நினோ. படிப்பிலும் அவர் சோடை போகவில்லை. டாக்டர் பட்டம் பெற்றார். குதிரைச் சவாரியும் பனிச்சறுக்கும் அவருக்குக் கைவந்த கலை. வசதியான உத்தியோகம் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் மனம் பந்தயத்தின் மீது போய்விட்டது.

ஆரம்பமே விபத்து! ஆல்ப்ஸ் மலைப்பாதையில் நடந்த பந்தயம் ஒன்றில் கார் மோதித் தோள் எலும்பு முறிந்தது. முகத்திலும் காயம். ஆனாலும் அவர் ஒதுங்கவில்லை.

நெஞ்சருகே ஸ்டியரிங்

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் ஸ்டியரிங் சக்கரம் மிகப் பெரியது. பவர் ஸ்டியரிங் வசதி கிடையாது. வளைவில் காரைத் திருப்புவதற்கு முழு பலமும் வேண்டும்.

அதனால் டிரைவர்கள் ஸ்டியரிங்கை ஒட்டினாற்போல் உட்காருவார்கள். நெஞ்சு சக்கரத்தின் மீது இடிப்பது போல இருக்கும். முழங்கை இரண்டும் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோள் பலம் முழுவதையும் போட்டுச் சக்கரத்தைத் திருப்புவார்கள்.

பலம் கிடைத்தது உண்மைதான். ஆனால் சிரமமும் இருந்தது. மடங்கிய முழங்கை இடம் கொள்ளாமல் இடிக்கும். கார் திடீரென்று சறுக்கினால் சக்கரத்தைச் சட்டென்று சுழற்றக் கை போதாது. இரண்டு மூன்று மணி நேரம் இப்படி ஓட்டினால் தோளும் கழுத்தும் இற்றுப்போகும்.

பரினா செய்த மாற்றம்

பரினா வேறு விதமாக உட்கார்ந்தார். முதுகை ஆசனத்தில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். ஸ்டியரிங்கிலிருந்து தள்ளி அமர்ந்தார். இரண்டு கைகளையும் நேராக நீட்டிச் சக்கரத்தைப் பிடித்தார்.

இதனால் முழங்கை எங்கும் இடிக்கவில்லை. சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகத் திருப்ப முடிந்தது. முதுகு ஆசனத்தில் படிந்திருந்ததால், கார் வழுக்கத் தொடங்குவதை உடம்பே உடனடியாக உணர்ந்தது.

பார்ப்பதற்கும் அழகு. மற்றவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, பரினா மட்டும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஊர் சுற்றிப் பார்ப்பவர் போல் போவார்.

1937, 1938, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இத்தாலிய சாம்பியன் அவர்தான். அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து பந்தயங்களை நிறுத்திவிட்டது. நல்ல வயது போரிலே கழிந்தது.

43 வயதில் பட்டம்

1950-ம் ஆண்டு உலக சாம்பியன் போட்டி முதன்முதலாக நடத்தப்பட்டது. பரினாவுக்கு அப்போது வயது 43.

ஆல்பா ரோமியோ நிறுவனத்தின் அணியில் மூன்று வீரர்கள் முக்கியமானவர்கள். பரினா, அர்ஜென்டினாவைச் சேர்ந்த பாஞ்சியோ, இத்தாலியரான பாஜியோலி.

மே 13-ந் தேதி இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்னும் இடத்தில் முதல் பந்தயம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் குடும்பத்தோடு வந்திருந்தார். 70 சுற்றுகள். பரினா முதலாவதாக வந்தார்.

அடுத்தது மொனாக்கோ. கடல் அலை சாலையில் தண்ணீரை வாரி இறைத்திருந்தது. முதல் சுற்றிலேயே பரினாவின் கார் வழுக்கிச் சுழன்றது. பின்னால் வந்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றன. பாஞ்சியோ வென்றார்.

இப்படி மாறி மாறி வெற்றி. கடைசிப் பந்தயம் செப்டம்பர் 3-ந் தேதி இத்தாலியில் மோன்சா மைதானத்தில். அப்போது பாஞ்சியோ 26 புள்ளி. பாஜியோலி 24. பரினா 22 தான்! சொந்த நாட்டு மக்கள் கண் முன்னால் கட்டாயம் ஜெயித்தே ஆகவேண்டும்.

பாஞ்சியோவின் கார் பழுதானது. இன்னொரு காரை வாங்கி ஓட்டினார். அதுவும் பழுதானது. பரினாவோ நீட்டிய கையை மடக்காமல் ஓடி முடித்து வென்றார். 30 புள்ளிகள். முதல் உலக சாம்பியன்!

ஒட்டிய பழி

ஆனால் பரினாவின் வாழ்க்கையில் கறுப்புப் பக்கமும் உண்டு. உட்கார்ந்த விதத்தில் இருந்த நிதானம் ஓட்டிய விதத்தில் இல்லை. முன்னால் போகிறவரை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு.

1936-ல் பிரான்சில் நடந்த பந்தயத்தில் அவருடைய காரும் மார்சல் லெஹூவின் காரும் மோதின. லெஹூ இறந்தார். 1938-ல் டிரிப்போலியில் ஹார்ட்மன் என்ற வீரருடன் மோதல். அவரும் இறந்தார். பரினாவுக்குத் துணிச்சல் உண்டு, ஆனால் பிறர் உயிரைப் பற்றிய கவலை இல்லை என்ற பழி ஒட்டிக்கொண்டது.

1953 ஜனவரியில் அர்ஜென்டினாவில் பெருங்கூட்டம். தடுப்பைத் தாண்டிப் பாதை ஓரம் வரை ஜனங்கள் வந்துவிட்டார்கள். குறுக்கே வந்த ஒருவர் மீது மோதாமல் இருக்கப் பரினா காரை ஒடித்தார். கார் கூட்டத்திற்குள் பாய்ந்தது. பலர் மாண்டார்கள். இந்தத் தடவை அவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் பெராரி கார் ஓட்டி வென்றார். வயது 46. உலக சாம்பியன் போட்டிகளில் அதுவே அவருடைய கடைசி வெற்றி. 1954-ல் கை எலும்பு முறிவு. பிறகு தீக்காயம். 1955-ல் வலியை அடக்க மருந்து போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதாயிற்று.

பாடம் படித்தவர்கள்

இங்கிலாந்து வீரர் ஸ்டிர்லிங் மாஸ், பரினா உட்காரும் முறையைக் கவனித்துத் தாமும் பின்பற்றினார். மாஸைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். சில ஆண்டுகளில் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டும் வழக்கமே மறைந்தது.

காரைச் செய்பவர்களும் விழித்துக்கொண்டார்கள். 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே.120 காரில் ஸ்டியரிங் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். 1963-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் மேலும் கீழும் சாய்க்கும் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது.

ஆனால் பரினாவைப் போல் கையை முற்றிலும் நீட்டி ஓட்டுவது இன்றைய சாலைக்கு ஏற்றதல்ல. நீட்டிய கைக்குப் பலம் குறைவு. மிக நெருங்கி உட்கார்ந்தாலோ, மோதலின்போது விரியும் காற்றுப் பை நெஞ்சில் அடிக்கும். நடுவழியே நல்ல வழி.

முதலில் ஆசனத்தைச் சரி செய்ய வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங். தோளை ஆசனத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு சக்கரத்தின் உச்சியில் படியவேண்டும். அப்படி இருந்தால், சக்கரத்தைப் பிடிக்கும்போது முழங்கை தானாகவே இலேசாக மடங்கும். நெஞ்சுக்கும் சக்கரத்துக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி தேவை. சக்கரம் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்க வேண்டும். வேகம் காட்டும் முள் மறையக்கூடாது. காரை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். செய்து முடித்ததும் பிடியை இறுக்கிப் பூட்டுவது அவசியம்.

சாலையில் முடிவு

பந்தயத்தை விட்ட பின்பும் பரினாவின் வேகம் குறையவில்லை. 1966 ஜூன் 30-ந் தேதி, பிரெஞ்சுப் பந்தயத்தைப் பார்ப்பதற்காக லோட்டஸ் கார்ட்டினா காரில் தனியாகப் புறப்பட்டார். ஆல்ப்ஸ் மலைச்சாலையில், எய்க்பெல் என்ற ஊரருகே கார் வழுக்கித் தந்திக் கம்பத்தில் மோதியது. பரினா உயிர் இழந்தார். வயது 59.

எத்தனையோ பந்தயங்களில் மரணத்தை ஏமாற்றியவர், பந்தயம் இல்லாத ஒரு சாலையில் மாண்டார். உட்காரும் முறையை அவரிடம் உலகம் கற்றுக்கொண்டது. வேகத்தை அடக்கும் முறையை மட்டும் அவரிடமிருந்து யாரும் கற்க முடியவில்லை.