எதிரியின் வலியைப் பேசிய அதிபர்: கென்னடியின் 1963 உரை என்ன மாற்றியது?

1963 ஜூன் 10. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. இந்த மாதிரி மேடையில் வழக்கமாக வாழ்த்தும் அறிவுரையும்தான் இருக்கும். ஆனால், அன்று அதிபர் ஜான் எஃப். கென்னடி பேசியது அணுகுண்டு பற்றி. அதைவிட முக்கியமாக, எதிரி நாட்டு மக்களைப் பற்றி.

யார் இந்த கென்னடி?

1917இல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரி. 1943இல் சாலமன் தீவுகள் அருகே இவரது படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்தது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள். காயம்பட்ட ஒருவரை இழுத்துக்கொண்டே நீந்திக் கரை சேர்ந்தார் கென்னடி. மறு வருடம் அண்ணன் ஜோசப்பும் போரில் பலியானார்.

அதற்காக ஆரம்பத்திலேயே இவர் சமாதானப் புறா என்று நினைத்துவிட வேண்டாம். 1960 தேர்தலில், ஏவுகணை பலத்தில் சோவியத் யூனியனைவிட அமெரிக்கா பின்தங்கிவிட்டதாகச் சொல்லித்தான் ஓட்டு கேட்டார். உண்மையில் முன்னிலையில் இருந்தது அமெரிக்காதான்!

திருப்பம் எங்கே?

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தது. குண்டு வீசச் சொன்னார்கள் ராணுவத் தளபதிகள். கென்னடி கடல்வழியை மட்டும் மறித்துவிட்டு, பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கொடுத்தார். 13 நாள்கள் உலகமே திக்திக்கென்று இருந்தது. கடைசியில் சோவியத் தலைவர் குருச்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றார். பதிலுக்குத் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற கென்னடி ரகசியமாகச் சம்மதித்தார்.

சரி, அப்படி என்ன பேசினார்?

உரையை எழுதியவர் உதவியாளர் டெட் சோரன்சன். சோவியத் யூனியன் மாற வேண்டும் என்று மட்டும் சொல்லாமல், அமெரிக்கர்களும் தங்கள் பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் கென்னடி. உலகப் போரில் சோவியத் யூனியன் குறைந்தது 2 கோடிப் பேரை இழந்ததை நினைவூட்டினார். மற்ற நாடுகள் நடத்தாதவரை, வளிமண்டலத்தில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தாது என்றும் அறிவித்தார். அதாவது, பயத்தை வைத்து ஓட்டு கேட்டவரே இப்போது அந்தப் பயத்தைக் கேள்வி கேட்டார்.

பலன் கிடைத்ததா?

உரையை முழுசாக வெளியிட்டன சோவியத் பத்திரிகைகள். ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு ஓர் அமெரிக்க அதிபரின் சிறந்த உரை இது என்று பாராட்டினார் குருச்சேவ். பத்தே நாளில், மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஹாட்லைன் அமைக்க ஒப்பந்தம் ஆனது. சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் இல்லை. தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலிபிரின்டர். ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்க செனட்டில் 80-19 என ஒப்புதல் கிடைத்தது.

குறைகளும் உண்டு. நிலத்தடிச் சோதனைகளுக்குத் தடை இல்லை. ஆயுதப் போட்டியும் நிற்கவில்லை. வியட்நாமில் அமெரிக்க ராணுவ ஆலோசகர்களின் எண்ணிக்கையும் கென்னடி காலத்தில்தான் பல மடங்கு கூடியது.

ஒப்பந்தம் அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறே வாரத்தில், நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 46. அதுவரை, சோதனைகளில் வெளியான கதிரியக்க ஸ்ட்ரான்சியம் குழந்தைகள் குடிக்கும் பாலில்கூடக் கலந்திருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு அது குறையத் தொடங்கியது. கையெழுத்திட்ட அந்த மூன்று நாடுகளும் இன்றுவரை வளிமண்டலத்தில் அணுகுண்டு சோதனை நடத்தவே இல்லை.