60 தடவை தோற்ற வாத்தியார்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் பற்றியும் அரியர் பேப்பர் பற்றியும் எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள், நாம் வேறு ஏதாவது எழுதுவோம் என்று தோன்றியது. நான் மெக்கானிக்கல் படித்தவன். இப்போது டிசைன் பிரிவில் வேலை. இந்தக் கல்லூரியில் இருந்த நாலு வருஷமும் சாயங்காலம் ஆனால் கூடைப்பந்து கோர்ட்டில்தான் கிடந்தேன். அந்த ஆட்டத்தை நமக்குக் கொடுத்த டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற ஊரில் இருக்கிறது கான்சாஸ் பல்கலைக்கழகம். அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி 1952, 1988, 2008, 2022 என நான்கு முறை என்.சி.ஏ.ஏ. தேசியப் பட்டம் வாங்கியது. மொத்தம் 2000 ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்திருக்கிறது. இவ்வளவு பெரிய அணியின் வரலாற்றில், ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்ற கோச் ஒரே ஒருவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. அந்த ஒருவர் வேறு யாருமில்லை, ஆட்டத்தையே உருவாக்கிய நெய்ஸ்மித்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவர் கதையை முழுசாகப் படித்தபின் சிரிப்பு போய்விட்டது.

நெய்ஸ்மித் பிறந்தது 1861 நவம்பர் 6, கனடாவில் ஆல்மான்ட் என்ற சின்ன ஊர்ப் பக்கம். அப்பா அம்மா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். 1870-ல் டைஃபாய்டு காய்ச்சல் இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயசுச் சிறுவனையும் அவன் அக்காவையும் தம்பியையும் தாய்மாமன்தான் வளர்த்தார். பதினைந்து வயசில் பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். சில வருஷம் காட்டில் மரம் வெட்டும் வேலை. அதோடு அவன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் இருபது வயசு வாக்கில் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போனான், தன்னைவிடச் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து படித்தான். 1883-ல் மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அரியர் வைத்துவிட்டு எல்லாம் போச்சு என்று ரூமில் படுத்திருக்கும் தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும்.

மெக்கிலில் பட்டம் வாங்கியபின் பாதிரியார் ஆவதற்கான படிப்பையும் முடித்தார். ஆனால் மைதானத்தை விடவில்லை. ரக்பி, லாக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் ஆடினார். கூடப் படித்த பக்திமான்களுக்கு இது பிடிக்கவில்லை. விளையாட்டு சாத்தானின் கருவி என்று நினைத்த காலம் அது. ஆட்டத்தில் அடிபட்டுக் கண் கறுத்த நிலையிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் போய் நின்றார் என்று சொல்வார்கள். இன்னொரு நாள் ஆட்டத்தின் நடுவில் பக்கத்தில் ஆடிய ஒருவர் கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, நெய்ஸ்மித் அங்கே இருப்பது ஞாபகம் வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். மனுஷனை நல்வழிப்படுத்த மேடை ஏறித்தான் பேச வேண்டும் என்பதில்லை, மைதானத்திலும் அது நடக்கும் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. 1890-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

இனி வருவது எஞ்சினியர்களான நமக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1891 குளிர்காலம். வெளியே பனி. பதினெட்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு. உள்ளே ஒரே டிரில், ஒரே கசரத்து. பசங்களுக்குச் சலித்துப்போச்சு. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைவிட்ட வகுப்பு அது. துறைத் தலைவர் லூதர் குலிக் அதை நெய்ஸ்மித் தலையில் கட்டினார். கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில் ஆடக்கூடிய புது ஆட்டம் ஒன்று வேண்டும், இரண்டு வாரம் டைம்.

முதலில் நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். இருக்கிற டிசைனையே கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். ரக்பியையும் கால்பந்தையும் லாக்ராஸையும் ஹாலுக்குள் கொண்டுவந்தார். அடிபட்டதுதான் மிச்சம். கெடு முடியப் போகிற நேரத்தில் உட்கார்ந்து அடிப்படையிலிருந்து யோசித்தார். ஆட்டத்தில் ஏன் அடிபடுகிறது? ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவதால். ஏன் தள்ளுகிறார்கள்? அவன் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால். அப்படியானால் பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? தள்ளவேண்டிய தேவையே இல்லை! இன்றைக்கு நம் ஃபேக்டரிகளில் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அவர் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பண்ணியிருக்கிறார்.

அடுத்தது கோல். நிற்கிற கோலாக இருந்தால் பலம் உள்ளவன் ஓங்கி அடிப்பான், அடிபடும். இங்கே சின்ன வயசு ஆட்டம் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. பெரிய பாறைமேல் ஒரு கல்லை வைத்து, தூரத்திலிருந்து கல் எறிந்து அதைத் தள்ளிவிட வேண்டும். வேகமாக எறிந்தால் குறி தப்பும். எறிந்த கல்லும் எங்கேயோ போய்விடும். வளைவாக, மெதுவாக எறிபவனே கெட்டிக்காரன். ஆக, கோலின் வாய் மேலே பார்த்து இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கூட்டமாக நின்று தடுத்தால் என்ன செய்வது? தலைக்கு மேலே உயரத்தில் வைத்துவிட்டால் போச்சு!

பெட்டி இரண்டு கிடைக்குமா என்று கட்டடக் காவலாளியைக் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருக்கு என்று அவர் இரண்டு கூடையைக் கொண்டுவந்தார். பெட்டி கிடைத்திருந்தால் இன்றைக்கு நாம் பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருப்போம்! ஹாலின் மாடிக் கைப்பிடியில் கூடைகளை ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்து அடி உயரம். நம் கோர்ட்டில் இருக்கிற வளையமும் அதே பத்து அடிதான். ஒரு பழைய கட்டடத்தின் அளவு உலகம் முழுக்க ஸ்டாண்டர்டு ஆகிவிட்டது.

பதின்மூன்று விதிகளை டைப் அடித்து ஒட்டினார். 1891 டிசம்பர் 21 அன்று, பக்கத்துக்கு ஒன்பது பேர், கால்பந்தை வைத்து முதல் ஆட்டம். மொத்தமே ஒரே ஒரு கூடைதான் விழுந்தது. கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது, விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறித்தான் எடுக்கணும். ஆட்டத்துக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று ஒரு மாணவர் சொல்ல, அந்தப் பெயர் வைத்தால் எந்த ஆட்டமும் உருப்படாது என்று அவர் சிரித்துவிட்டார். கூடைப்பந்து என்று பெயர் வந்தது அப்படித்தான். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் போன நாடுகளுக்கெல்லாம் ஆட்டமும் போனது. சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான்.

நெய்ஸ்மித் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பணமும் பண்ணவில்லை. டென்வர் நகருக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருஷம் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உடற்பயிற்சி, காலைப் பிரார்த்தனை இரண்டுக்கும் அவரே பொறுப்பு. கூடைப்பந்து அணி அங்கே அவரால்தான் உண்டானது. 1899 பிப்ரவரி 3, முதல் ஆட்டம். கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியிடம் 16-5 என்று தோல்வி! சில ஆட்டங்களில் அவரே நடுவராக விசில் ஊதியிருக்கிறார். ஜெயிப்பது அவருக்கு முக்கியமே இல்லை. பசங்க உடம்பு நன்றாக இருக்கணும், நேர்மையாக ஆடணும், அவ்வளவுதான்.

அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். இன்னொரு கல்லூரியில் கோச் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆலன் வந்து சொன்னபோது, இந்த ஆட்டத்தை ஆடத்தான் முடியும், கற்றுக்கொடுக்கவெல்லாம் முடியாது என்றாராம் குரு. சீடன் கேட்கவில்லை. 1907-ல் நெய்ஸ்மித்தின் இடத்துக்கே வந்தார். இடையில் சில வருஷம் விலகியிருந்து, பிறகு 1956 வரை அங்கேயே இருந்து கான்சாஸுக்கு 590 வெற்றி தேடிக்கொடுத்தார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876 ஆட்டங்களும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 ஆட்டங்களும் ஜெயித்தார்கள். 60 தடவை தோற்றவரின் பரம்பரை இது! கோச் தொழிலைப் பற்றி அவர் சொன்னது தப்பு என்று அவர் மாணவனே நிரூபித்தார். அதற்காக இரண்டு பேருக்கும் உறவு முறியவில்லை.

ஜெயிப்பதைவிடப் பெரிசு அவர் செய்த இன்னொரு காரியம். 1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சாஸில் சேர்ந்தார். அப்பா சொல்லி அனுப்பியபடி நேராக நெய்ஸ்மித்திடம் போய் நின்றார். பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு அப்போது இடமில்லை. அவர் நீச்சல் குளத்தில் இறங்கினார் என்பதற்காகத் தண்ணீரையே வெளியேற்றினார்கள். எழுபது வயசைத் தாண்டிய நெய்ஸ்மித் அந்தப் பையன் பக்கம் நின்றார், குளம் எல்லோருக்கும் திறந்தது. அணியின் கதவை மட்டும் அவரால் திறக்க முடியவில்லை. அது திறக்க 1951 வரை ஆனது. ஆனால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் மெக்லெண்டனுக்குக் கொடுத்தார். அந்த அணியில் ஆடவே முடியாத மெக்லெண்டன், பின்னால் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு கோச் ஆகி, 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இதை நெய்ஸ்மித்தின் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸில் கூடைப்பந்து பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. அதைப் பார்க்கப் போக அவர் கையில் காசு இல்லை. ஆலனும் மற்ற கோச்சுகளும் முன்னின்று ஆடுகளங்களில் வசூல் பண்ணி அனுப்பிவைத்தார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. பந்து தரையில் பட்டால் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடு ஒரு பக்கம், வாழ்ந்த நாடு ஒரு பக்கம். பதக்கங்களைக் கொடுத்தவர் நெய்ஸ்மித். 1939 நவம்பர் 28 அன்று லாரன்ஸிலேயே காலமானார்.

ஒரு கடைசிச் செய்தி, நம்மைப் போன்ற பழைய மாணவர்களுக்காக. அந்தப் பதின்மூன்று விதிகள் டைப் அடித்த இரண்டு தாள்கள் 2010 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தன. 43 லட்சம் டாலருக்கு எடுத்தவர் டேவிட் பூத், கான்சாஸின் பழைய மாணவர். எடுத்துத் தன் வீட்டில் மாட்டிக்கொள்ளவில்லை, படித்த இடத்துக்கே கொடுத்தார். அங்கே வருகிற மாணவர்கள் இப்போது அதைப் பார்க்கலாம். நம்மில் யாரிடமும் 43 லட்சம் டாலர் இல்லை, தெரியும். ஆனால் நம் கோர்ட்டில் ஒரு வலை கிழிந்தால் மாற்றவும், ஃபீஸ் கட்டத் திணறும் ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ கைகொடுக்கவும் நம்மால் முடியும். அதுக்குத்தானே இந்தச் சங்கம்? சந்திப்பு அன்றைக்கு வருகிறவர்கள் ஷூ எடுத்து வாருங்கள், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. யார் ஜெயித்தது என்று கணக்கு வைக்க வேண்டாம்.