வானிற் சுக்கான் பிடித்தவர்

ஆகாயவிமானத்தின் வரலாற்றை மாணாக்கர்க்குக் கூறுவோர், யந்திரத்தின் வலிமையே மனிதனை வானுக்கு உயர்த்தியது என்று கூறி அமைந்துவிடுகின்றனர். எனக்கு அக்கூற்று முற்றும் உடன்பாடன்று. வலிமையைத் தேடியவர் பலர். அதனை ஆளும் வழியைத் தேடியவர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் வில்பர் றைற் என்னும் அமெரிக்கர்.

அவர் 1867ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி இந்தியானா மாநிலத்திற் பிறந்தார். பதினெட்டு வயதில், உறைபனித் தளத்தில் விளையாடுகையில் முகத்திற் பட்ட அடி அவர் முன்பற்களைப் பறித்தது; உயர்கல்வி பற்றிய எண்ணத்தையும் கெடுத்தது. காசநோயுற்ற தாயாரைப் பேணியவாறே தந்தையாரின் நூல்களில் ஆழ்ந்தார். தாயார் 1889இல் மறைந்தார். 1892இல் இளவல் ஓவிலுடன் ஒஹையோ மாநிலத்து டேய்ற்றன் நகரிலே துவிச்சக்கர வண்டிக் கடை வைத்தார்.

ஜேர்மனியிற் சிறகு கட்டிப் பறந்த லிலியென்தால், தம் உடலை இருபுறமும் அசைத்தே ஊர்தியைச் செலுத்தினார். 1896இற் காற்று அவரை வீழ்த்திக் கொன்றது. அம்மரணம் வில்பரின் சிந்தையைத் தூண்டியது. துவிச்சக்கர வண்டி தானாக நிற்பதன்று. ஓட்டுபவனே அதனைக் கணந்தோறும் நிலைநிறுத்துகிறான். வானூர்திக்கும் அத்தகைய ஆட்சி வேண்டும் என அவர் தெளிந்தார். 1899இல், கடையிலிருந்த நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் முறுக்கியபோது, இறக்கைகளையும் அவ்வாறே முறுக்கினால் ஊர்தியை ஒருபுறம் சரிக்கவும் நிமிர்த்தவும் இயலும் எனக் கண்டார்.

கருத்துத் தோன்றினாற் போதுமோ? கை வேலை செய்ய வேண்டுமன்றோ? 1900இல் வட கரோலைனாவின் கிற்றி ஹோக் மணற்கரைக்குப் போகும் வழியிற் பதினெட்டு அடி மரம் கிடைக்கவில்லை. பதினாறு அடி மரத்தை வாங்கிச் சென்று, தாம் தங்கிய வீட்டாரின் தையற் பொறியை இரவல் பெற்று, இறக்கைத் துணியைத் தம் கையாலேயே வெட்டித் தைத்தார்.

1902இற் புதியதோர் இடர் தோன்றியது. இறக்கையை முறுக்குந்தோறும் உயர்ந்த பக்கம் பின்னிழுபட்டு, ஊர்தி சுழன்று வீழ்ந்தது. பின்புறத்து அசையாச் சுக்கானை அசையச் செய்யலாம் என்றார் ஓவில். அதன் கம்பியை இறக்கை முறுக்குங் கம்பியோடு இணைத்தால் ஓர் அசைவிலேயே இரண்டும் இயங்கும் என்றார் வில்பர். இவ்வாறு சரிவு, திருப்பம், ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும் வலவன் கைப்பட்டன.

1903 டிசெம்பர் 14ஆந் திகதி வில்பர் முதலில் முயன்றார். மூக்கை மிகையாக உயர்த்தியதால் ஊர்தி வேகமிழந்து மணலில் விழுந்தது; முன்சுக்கான் சிதைந்தது. செப்பனிட்டு, 17ஆந் திகதி ஓவில் 12 விநாடி பறந்தார். அன்றைய நான்காம் பறப்பில் வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றார். எனினும் முன்சுக்கான் தன் நடுவுக்கு மிக அண்மையிற் பொருத்தப்பட்டிருந்தமையால், சிறிது அசைத்தாலும் அளவுமீறித் திரும்பியது. ஊர்தி அலைபோல் ஏறி இறங்கியது. ஒரு சுழலச்சின் இடமே உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லதாயிற்று!

சகோதரர் மனஞ் சோரவில்லை. முன்சுக்கானைப் பெரிதாக்கி மேலும் முன்தள்ளினர். பின்சுக்கானுக்குத் தனிப்பிடி அமைத்தனர். 1905 ஒக்ரோபர் 5ஆந் திகதி வில்பர் 39 நிமிடம் வானில் வலம்வந்து 24 மைல் பறந்தார்.

பின்னர் புகழும் வந்தது. உரிமை வழக்குகளும் வந்தன. அவ்வழக்குகளால் இளைத்திருந்த அவர், நெருப்புக்காய்ச்சல் கண்டு 1912 மே 30ஆந் திகதி, நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். இறக்கையை முறுக்கும் முறை பின்னர் வழக்கொழிந்தது. அதனிடத்தைச் சுழலச்சிற் பொருத்திய சிறு மடிப்புகள் பற்றின. ஆயினும் மூவகை ஆட்சி என்னும் அடிப்படை மாறவில்லை. இன்று தம் வீட்டுக் கொட்டிலிற் சிறு விமானம் கட்டுவோரும், சுக்கானின் பொருத்தையும் கம்பியின் இறுக்கத்தையும் பன்முறை சோதித்த பின்னரே நிலம் நீங்குகின்றனர். விரைவை விரும்பும் நம் மாணவர்க்கு வில்பரின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்காட்ட விரும்புவது அந்தப் பொறுமையையே.