ரோமில் டாக்டர், வடக்கன்குளத்தில் மாணவர்: யார் இந்த தனிநாயகம் அடிகள்?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால், ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டியதும் காற்றாலைகள் கண்ணில் படும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வடக்கன்குளம். இன்று அது திருநெல்வேலி மாவட்டம். 1940-களில் அது பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னை மாகாணம். கணவாய்க்கு இந்தப் பக்கம் இருந்த நாஞ்சில் நாடோ திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானம். ஆக, வடக்கன்குளம் அப்போது ஓர் எல்லை ஊர்.

அந்த ஊர் பள்ளிக்கூடத்துக்கு 1940-ல் ஓர் இளம் பாதிரியார் வேலைக்கு வந்தார். வயது 27. சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கம். ரோமில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆங்கிலம், லத்தீன், இத்தாலியன் எல்லாம் அத்துப்படி. ஆனால் தாய்மொழியான தமிழின் இலக்கியத்தை முறையாகப் படிக்கவில்லை.

அவர்தான் பிற்காலத்தில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட சேவியர் தனிநாயகம் அடிகள். பட்டம், மொழி, புலம்பெயர்வு மூன்றும் ஒருவர் வாழ்க்கையை எப்படி மாற்றிப்போடும் என்பதற்கு அவர் கதை நல்ல உதாரணம்.

தமிழர், ஆனால் படிப்பில் தமிழ் இல்லை: எப்படி?

1913 ஆகஸ்ட் 2-ம் தேதி யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தார். வைத்த பெயர் சேவியர் நிக்கோலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயர் பிற்பாடு அவரே சேர்த்துக்கொண்டது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, அடுத்து யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. இரண்டும் பள்ளிக்கூடங்கள்தான், இலங்கையில் பெரிய பள்ளிகளைக் 'கல்லூரி' என்றே சொல்வார்கள். அன்றைய யாழ்ப்பாணத்தில் நல்ல படிப்பு என்றால் அது ஆங்கிலப் படிப்பு. ஆங்கிலம் தெரிந்தால் அரசு வேலை, கொழும்பில் வேலை, மலாயாவில் வேலை. வீட்டில் பேசத் தமிழ், மேலே ஏற ஆங்கிலம். இன்றைக்கும் நம்ம வீடுகளில் நடக்கும் அதே கணக்கு.

பிறகு கொழும்பில் குருமடம். 1934-ல் ரோம். அங்கே உர்பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிப்பு. கத்தோலிக்க மிஷன்கள் இருந்த பல நாடுகளில் இருந்தும் மாணவர்கள் வந்து சேரும் இடம் அது. ஆளுக்கொரு தாய்மொழி, வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக லத்தீன்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடும். எல்லோருமே அந்நிய மொழியில் படிக்கும்போது, 'எனக்கு மட்டும் வரலையே' என்ற கூச்சம் குறைந்துவிடும். தனிநாயகம் அங்கே மொழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். 1938-ல் குருப்பட்டம். தொடர்ந்து டாக்டர் பட்டம். ஆய்வுப் பொருள், 3-ம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபைக் குருக்கள். தமிழுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வடக்கன்குளத்தில் என்ன நடந்தது?

ஊர் திரும்பியவர், யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் சேராமல் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். அங்கிருந்து வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக வந்தார்.

வடக்கன்குளத்துக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் கணவாயைத் தாண்டிப்போய் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். அவருக்கு 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகள் பேசும் தமிழ் தென்பாண்டித் தமிழ். வாத்தியாருக்கு வாயில் வருவது யாழ்ப்பாணத் தமிழ். அங்கே 'கதைக்கிறது' என்றால் இங்கே 'பேசுறது'. இது சின்ன வித்தியாசம். சில மாதத்தில் பழகிவிடும். பெரிய இடைவெளி வேறு இடத்தில் இருந்தது. பேச்சுத் தமிழுக்கும் இலக்கியத் தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, தாய்மொழி என்பதற்காக மட்டும் யாரும் தாண்டிவிட முடியாது. அதற்குப் படிக்க வேண்டும்.

அவர் படித்தார். பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். பள்ளி நேரம் போக ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவர். ரோமில் வாங்கிய பட்டம் இந்தப் படிப்பில் ஒன்றுக்கும் உதவாது. யாப்பு, இலக்கணம், சங்க நூல்கள் என எல்லாம் அடியில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1945 வரை, சுமார் ஐந்து வருடம், இந்த ஊரில் அவர் இருந்தார்.

டாக்டர் ஆன பிறகு எம்.ஏ. எதற்கு?

1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தபோது அவருக்கு வயது 32. கையில் டாக்டர் பட்டம். உட்கார்ந்தது மாணவர் பெஞ்சில். எம்.ஏ. முடிந்ததும் அங்கேயே எம்.லிட். ஆய்வு. பொருள், சங்கக் கவிதையில் இயற்கை. பின்னாளில் இது ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. நிலத்தையும் மனசையும் ஐந்து திணைகளாகக் கோத்துப் பார்த்த சங்கக் கவிதையை, கிரேக்க, லத்தீன் கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் நூல் அது.

இங்கேதான் ரோமில் கற்ற லத்தீன் கைகொடுத்தது. தமிழ் மட்டும் படித்தவருக்கு இந்த ஒப்பீடு கஷ்டம். லத்தீன் மட்டும் படித்தவருக்கு வாய்ப்பே இல்லை. வீணாகப் போனது என்று நினைத்த படிப்பு, வேறொரு படிப்போடு சேர்ந்தபோது உயிர் பெற்றது.

அதோடும் நிற்கவில்லை. 1952-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர் ஆனார். 1955 முதல் 1957 வரை லண்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். இந்த முறை பொருள், பழந்தமிழ் நூல்களில் கல்விச் சிந்தனை. பட்டம் பெற்றபோது வயது 44.

ஏன் திரும்பவும்? அவர் பேச விரும்பிய ஆட்கள் பாரிஸிலும் பிராகிலும் லண்டனிலும் இருந்தார்கள். இந்தியவியல் என்றாலே சமஸ்கிருதம் என்று இருந்த காலம். தமிழை அங்கே கொண்டுபோய் வைக்க, அவர்கள் மொழியில், அவர்கள் ஏற்கும் ஆய்வு முறையில் எழுத வேண்டும். 1952-ல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்ற காலாண்டிதழ் முழுக்க ஆங்கிலத்தில் வந்ததற்கும் இதுதான் காரணம். தமிழைப் பற்றி ஏன் ஆங்கிலத்தில் எழுதணும் என்று கேட்டால், தமிழ் தெரியாதவருக்குத் தமிழைச் சொல்ல வேறு வழி இல்லை என்பதே பதில்.

400 வருடத்துக்கு முந்தைய 'மொழித் தடை'

ஐரோப்பிய நூலகங்களில் அவர் தேடியது பழைய தமிழ் அச்சு நூல்களை. 1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு மறைநூல் அச்சானது. தமிழ் வாசகம், ஆனால் ரோமன் எழுத்து. நாம் இப்போது வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அதை உருவாக்கியதில் பங்கு, லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்களுக்கு. அவர்கள் பெயர்கள் போர்த்துக்கீசியப் பெயர்களாகவே பதிவாகியுள்ளன. வெளிநாட்டுக்குப் போய், அங்கத்திய பெயர் சூடி, இரண்டு மொழிகளுக்கு நடுவில் வேலை செய்த தமிழர்கள் 16-ம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். இந்த நூலைப் பற்றி ஆய்வுலகின் கவனத்தை ஈர்த்தவர்களில் தனிநாயகம் முக்கியமானவர்.

இன்னொன்று, அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. 1679-ல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. அதன் பிரதி ஒன்றை வத்திக்கான் நூலகத்தில் தேடிப்பிடித்து, 1966-ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இங்கே வந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு மொழி புரியவில்லை என்பதால் பிறந்த அகராதி அது. வடக்கன்குளத்தில் உட்கார்ந்து தமிழ் படித்த ஒருவர் கையில் அது கிடைத்தது பொருத்தம்தான்.

ஒரு வடசேரிக்காரரும் ஒரு கரம்பொன்காரரும்

1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழ் பேசுகிறவர்களுக்கு அரசு அலுவலக வாசலிலேயே மொழித் தடை. அதே 1956 நவம்பர் 1-ல், மலையாளம் ஓங்கியிருந்த திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. மனு எழுதவும், கோர்ட்டில் பேசவும், பிள்ளையைப் படிக்கவைக்கவும் எந்த மொழி என்ற கேள்வி, கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

தனிநாயகம் 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராகக் கோலாலம்பூர் போனார். ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கல்லூரி வாசலை எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலம்.

1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியலாளர்களின் சர்வதேச மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களையும் வெளிநாட்டு ஆய்வாளர்களையும் தனியாக ஓர் இடத்தில் கூட்டினார்கள் இருவர். ஒருவர் தனிநாயகம். இன்னொருவர் நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் வ.அய். சுப்பிரமணியம். இவரும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். அப்போது திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தில் பணி. அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம். தலைவர் பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா. செயலாளர்கள் தனிநாயகமும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும்.

முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூர். அடுத்து 1968-ல் சென்னை, 1970-ல் பாரிஸ்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில், அவர் சொந்த மண்ணில். கடைசி நாளான ஜனவரி 10 இரவு, திரண்டிருந்த கூட்டத்தில் போலீஸ் புகுந்தது. கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சத்தம், அறுந்து விழுந்த மின்கம்பி. அப்பாவிகள் உயிரிழந்தார்கள். ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கூடிய ஒரு மாநாடு சாவில் முடிந்தது. இலங்கைத் தமிழர் அரசியலில் ஆறாத காயங்களில் அது ஒன்று.

கௌரவப் பட்டம் என்றால் என்ன?

1980 செப்டம்பர் 1-ம் தேதி தனிநாயகம் காலமானார். வயது 67. அதன் பிறகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கியக் கலாநிதி என்ற கௌரவப் பட்டத்தை வழங்கியது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பி.எச்.டி. என்பது சேர்ந்து, ஆய்வு செய்து, ஆய்வேடு கொடுத்து, தேர்வாளர் முன் பதில் சொல்லி வாங்குவது. தமிழ்நாட்டில் அவரை 'முனைவர்' என்போம், இலங்கையில் 'கலாநிதி'. கௌரவ டாக்டர் பட்டத்துக்கு வகுப்பும் இல்லை, ஆய்வேடும் இல்லை. ஒருவரின் வாழ்நாள் பணியைப் பார்த்துப் பல்கலைக்கழகம் கொடுக்கும் மரியாதை அது. பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது தகுதியாகாது.

படித்து வாங்கிய டாக்டர் பட்டம் இரண்டு அவரிடம் இருந்தது. மூன்றாவதாக வந்த கௌரவப் பட்டத்தை வாங்க அவர் இல்லை. ஆனால் ஊர் மக்கள் வைத்த பெயர் எந்தப் பட்டமளிப்பு விழாவுக்கும் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அவர் தனிநாயகம் 'அடிகள்'.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1981-ல், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் வடசேரி வ.அய். சுப்பிரமணியம்.

இன்று நாகர்கோவிலில் இருந்து ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் படிக்கப் போகிறவர்கள், போகும் முன் மொழித் தேர்வு எழுதுகிறார்கள். மதிப்பெண் வந்தால் விசா. வராவிட்டால் திரும்பவும் கோச்சிங். தனிநாயகத்தின் வாழ்க்கையில் அந்தத் தேர்வு தலைகீழாக நடந்தது. ரோமிலும் லண்டனிலும் அவருக்கு மொழி இடறவில்லை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தன் சொந்த மொழிக்கு முன்னால்தான் அவர் திரும்பவும் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. வெட்கப்படாமல் உட்கார்ந்தார். அந்த ஐந்து வருடம் இல்லையென்றால் கோலாலம்பூர் மாநாடும் இல்லை, பாரிஸ் மாநாடும் இல்லை.