ராமானுஜன் உயிரைப் பறித்தது காசநோயா, கல்லீரல் நோயா? 74 ஆண்டுகள் கழித்து வந்த பதில்

கணிதமேதை ராமானுஜன் எப்படி இறந்தார் என்று கேட்டால், பலரும் சட்டென்று சொல்லும் பதில் காசநோய். பள்ளிப் பாடத்தில் படித்ததும் அதுதான், சினிமாவில் பார்த்ததும் அதுதான். ஆனால், 1994-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு வேறு ஒரு பதிலைச் சொன்னது. அவரைக் கொன்றது நுரையீரல் நோய் அல்ல, கல்லீரல் நோயாக இருக்கலாம் என்பதே அது. அது உண்மையென்றால், அவரைக் காப்பாற்றக்கூடிய மருந்து அப்போதே இருந்தது!

ஈரோடு முதல் கேம்பிரிட்ஜ் வரை

1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது, படித்தது எல்லாம் கும்பகோணம். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகாததால் கல்லூரியில் தோற்றார், உதவித்தொகையும் போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போது கடுமையான சீதபேதி வந்து, படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. உடம்பு தேறியது, எல்லோரும் அதை மறந்தும் போனார்கள். ஆனால், இந்தச் சீதபேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

பிறகு சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் வாழ்க்கையையே மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. சுத்த சைவம், தானே சமையல், போர்க்காலத் தட்டுப்பாடு, பழக்கமில்லாத குளிர் என்று எல்லாம் சேர்ந்து உடம்பை வாட்டின.

டாக்டர்கள் என்ன சொன்னார்கள்?

1917-ல் ராமானுஜன் படுக்கையில் விழுந்தார். வயிற்று வலி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், உடல் இளைப்பு. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். அப்புறம் காசநோய் என்றார்கள். லண்டன் நிபுணர் ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோயோ என்ற சந்தேகமும் வந்தது. சிகிச்சை மட்டும் பெரும்பாலும் காசநோய்க்கே நடந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஓய்வும் குளிர்ந்த காற்றோட்டமான அறையும்தான் வைத்தியம். கும்பகோணத்து மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

இந்த நிலையில்தான் 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி ஃபெல்லோவாகவும், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவாகவும் அவர் தேர்வானார். புகழ் ஏறியது, உடம்பு தேறவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 32. வலி வரும்போதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்ட மனைவி ஜானகிக்கு வயது 21.

அப்போ, உண்மையான நோய் என்ன?

டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், ராமானுஜனின் நோய் பற்றிக் கிடைத்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். காசநோய் என்றால் நுரையீரல் அறிகுறிகள் தெளிவாக இருக்க வேண்டும். அது பொருந்தவில்லை. இளம் வயதில் சீதபேதி, பல ஆண்டுகள் கழித்து விட்டு விட்டு வந்த காய்ச்சல், வயிற்று வலி, இளைப்பு. இவை எல்லாம் பொருந்துவது கல்லீரல் அமீபா நோய்க்குத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சீதபேதிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக எண்டமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி குடலுக்குள் போகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்குக் குடல் சுவரை அரித்துச் சீதபேதியை உண்டாக்கும். குடலிலிருந்து ரத்தம் நேராகப் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அந்த ரத்தத்தோடு கிருமியும் ஏறிப் போய், கல்லீரல் செல்களைக் கொன்று சீழ்க்கட்டி போன்ற குழியை உண்டாக்குகிறது. பேதி நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் இது தலைகாட்டலாம். அதனால்தான் பழைய பேதியையும் புதிய காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

மருந்து கைக்கு எட்டும் தூரத்தில்...

இதில்தான் மனசு கனக்கிறது. அமீபா நோய்க்கு எமட்டின் ஊசி பலன் தரும் என்று லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் கல்கத்தாவில் 1912-லேயே காட்டிவிட்டார். ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு 2 ஆண்டுகள் முன்பே! மருந்து இருந்தது, நோயின் பெயர்தான் தெரியவில்லை. கல்லீரலுக்குள் பார்க்க அன்று ஸ்கேன் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யங் சொன்னதை இனி யாராலும் சோதித்து உறுதிப்படுத்த முடியாது. காசநோய் என்ற பழைய முடிவுக்கும் அதே கதிதான். ஆனால், கிடைத்திருக்கும் தடயங்கள் கல்லீரலின் பக்கமே அதிகம் சாய்கின்றன.

இன்று இந்த நோயை ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிவிடும். வலது விலாவுக்குக் கீழே வலியும், விடாத காய்ச்சலும், இளைப்பும் இருந்தால், எப்போதோ வந்துபோன சீதபேதியையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாகும் தறுவாயிலும் ராமானுஜன் கணக்கை விடவில்லை. கடைசி ஓராண்டில் அவர் எழுதிய 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் கொண்ட தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டன. கணவர் போன பிறகு 74 ஆண்டுகள் வாழ்ந்த ஜானகி அம்மாள், யங்கின் ஆய்வு வெளியான அதே 1994-ல் சென்னையில் காலமானார்.