குமாஸ்தா ராமானுஜன்

1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. சென்னை துறைமுக ஆபீசில் புதிய குமாஸ்தா ஒருவர் சேர்ந்தார். வயது 24. மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

படிப்பு நின்றது

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் அவர் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அவர் தேறவில்லை.

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! வேலைக்குப் போனால் சோறு கிடைக்கும். கணக்குப் போட நேரம் கிடைக்குமா?

சந்தடியில்

துறைமுகத்தில் சந்தடிக்குக் குறைவு ஏது? கப்பல்கள் வரும், போகும். மூட்டைகள் இறங்கும், ஏறும்.

கணக்குப் பிரிவில் இருந்த ராமானுஜன், கொடுத்த வேலையை முதலில் முடித்துவிடுவார். மீந்த நேரத்தில் தம் ஆராய்ச்சியில் மூழ்குவார். தாள் வாங்கப் பணம் இல்லை. மூட்டை கட்டும் தாளைத் தேடி எடுத்து எழுதுவார்.

இது மேலதிகாரிகளுக்குத் தெரியும். அவர்கள் தடுக்கவில்லை. ஆபீஸ் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், என்ஜினீயர். தலைமைக் கணக்கர் நாராயண அய்யர், கணிதம் கற்றவர். இருவரும் துணை நின்றார்கள்.

இரவில் அய்யரின் திருவல்லிக்கேணி வீட்டு மாடியில், அவரும் ராமானுஜனும் ஆளுக்கு ஒரு சிலேட்டுடன் உட்காருவார்கள். ராமானுஜன் இரண்டே வரியில் விடைக்குத் தாவிவிடுவார். பிறருக்கும் புரியவேண்டும் அல்லவா? இடையில் விட்டதையும் எழுதும்படி அய்யர் வற்புறுத்துவார்.

கையில் கவளம்

ஆபீசுக்குப் புறப்படும் முன்பும் கணக்கு. திரும்பியதும் கணக்கு. சில நாள் விடிய விடியக் கணக்கு.

எழுதும்போது சாப்பாட்டுக்கு எழுந்தால் சிந்தனை அறுந்துவிடும். ஆகவே தாயாரோ பாட்டியோ சாதத்தைப் பிசைந்து, உருட்டி, கையில் வைப்பார்கள்.

கடிதம்

1913 ஜனவரி 16-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா என்பதை மறைக்கவில்லை. தாம் கண்ட கணித முடிவுகளையும் சேர்த்து அனுப்பினார். ஹார்டி வியந்துபோனார்.

அந்த மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. இனி ஆபீசுக்குப் போகவேண்டியதில்லை. முழு நேரமும் கணக்குதான்!

1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். குமாஸ்தாவாக இருந்த அதே துறைமுகத்தில்தான் ஏறினார்.

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. மறு ஆண்டு நோயுடன் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது 32.

அவர் எழுதிவைத்த நோட்டுகளை உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.